கரண்ட் போன படத்தின் முடிவு

நான் படம் பார்ப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற இருபத்திரண்டு வீட்டுக்கும் எந்தப் படம் நல்லது, எது குப்பை என்று பல வருடமாகத் தீர்ப்புச் சொல்லிவந்தவள் நான்தான். பிறிஜெற் அக்கா நல்லது என்று சொன்னால் வீடியோக் கடையில் அந்தக் கசற்றுக்கு அடிபிடி. பிறிஜெற் அக்கா உதட்டைப் பிதுக்கினால் அது தூசு பிடித்துக் கிடக்கும். கடைக்காரன் செபஸ்தியன் என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். மரியாதை என்று நினைக்க வேண்டாம், பயம்.

தீர்ப்புச் சொல்லும் இடம் பேக்கரி வாசல். சூட்டுப் பாண் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் வரும். ஐந்து மணியிலிருந்தே பெண்கள் பையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். நின்றால் வாய் சும்மா இருக்குமா? அந்த நாட்களில் வேறு எதைக் கதைப்பது? சண்டையைப் பற்றி வாய் திறக்க முடியாது, பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாது. விலைவாசியைத் தொட்டால் அழுகை வரும். மிச்சம் இருந்தது படமும் டெலிநாடகமும்தான். "அந்த மாமியார் வேசம் போட்டவள் நடிக்கிறாளா, பல்லுக் கொதி தாங்காம முனகிறாளா?" என்று நான் ஒன்று எடுத்து விட்டால் போதும், வரிசை முழுவதும் குலுங்கும். எனக்கும் உள்ளுக்குள் குளிரும். கலியாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, கப்பல் கொம்பனியில் முப்பது வருடமாக டைப் அடித்துத் தேய்ந்த விரல்கள். எனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

உண்மை என்னவென்றால், ஆறு நாள் வேலை, ஞாயிறு விடியப் பூசை, பிறகு சமையல், உடுப்புத் தோய்ப்பு. மூன்று மணிக்கு டீவிக்கு முன்னால் சாய்கதிரையில் சாய்ந்தால் எழுத்தோட்டம் முடியுமுன் நான் இந்த உலகத்தில் இல்லை. இன்னொரு விஷயமும் இருந்தது. என் மேல்வரிசைப் பற்கள் முழுவதும் கட்டுப்பல். அதைப் பாமன்கடையில் ஒரு டொக்டரிடம் போய்க் கட்டினேன். கொட்டாஞ்சேனையில் கட்டியிருந்தால் காலையில் கட்டியது மத்தியானத்துக்குள் மீன் சந்தை வரை தெரிந்திருக்கும். அதைக் கழற்றி வைக்காமல் எனக்கு நித்திரை வராது. ஆகவே ஞாயிறு மூன்று மணிக்கு முன்கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிவிடுவேன். "ஆட்கள் வந்து போனா படத்தைக் கவனமாப் பார்க்க ஏலாது" என்று ஒழுங்கைக்குச் சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் நம்பினார்கள்.

அப்படியென்றால் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சிவபாலன் சொன்னான்.

சிவபாலன் என் பின் அறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பையன். இருபத்துமூன்று வயது. கனடாவில் இருக்கும் மாமன் கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று ஒன்றரை வருடமாகக் காத்திருந்தான். பகலில் வெள்ளவத்தையில் ஒரு ஆங்கில வகுப்பு, பின்னேரம் ஜிந்துப்பிட்டி முருகன் கோயில், மிச்ச நேரம் அறை. அடிக்கடி வெளியே போகப் பயம். வீட்டில் வெளியூர் ஆள் இருந்தால் வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும், அந்தத் துண்டில் அவனுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தவள் நான். வீடியோ டெக்கைப் போடுவதும் படத்தைப் பார்ப்பதும் அவன். நான் எழும்பியதும் பிளேன்ரீயோடு வந்து கதையை அச்சொட்டாகச் சொல்வான், எந்த இடத்தில் எந்தப் பாட்டு, யார் யாரை அடித்தது என்பது வரைக்கும். கதை அவனுடையது, அபிப்பிராயம் என்னுடையது. அடுத்த நாள் பேக்கரி வாசலில் நான் விளாசும்போது பக்கத்தில் நின்று பாணை மணந்துகொண்டு சும்மா இருப்பான். ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, மழை பொய்த்து மின்வெட்டு நடந்த வருடம். எந்தப் பக்கத்துக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று பேப்பரில் போடுவார்கள். அந்த ஞாயிறு எங்களுக்கு ஆறு மணி என்று போட்டிருந்தது. அதை நம்பி மூன்று மணிக்குப் புதுப்படம் ஒன்றைப் போட்டோம். கதவைப் பூட்டினேன், திறப்பைச் செருகினேன், பல்லைக் கழற்றிச் சாசரில் வைத்தேன், நித்திரையாய்ப் போய்விட்டேன்.

எழும்பும்போது ஐந்தே முக்கால். ஃபேன் நின்றிருந்தது. ஆனாலும் முகத்தில் காற்றுப் பட்டது. சிவபாலன் பக்கத்தில் குந்தியிருந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தான்.

"நாலேகாலுக்கே கரண்ட் போயிட்டுது அன்ரி. கலியாண மண்டபம். பெட்டை மணவறைக்கு வாறாள். மற்றப் பக்கத்தால அவளை விரும்பின பெடியன் மோட்டச்சைக்கிள்ள வாறான். அதோட நிண்டுட்டுது. முடிவு பார்க்கேல்லை."

"என்னை எழுப்பியிருக்கலாமே. கோயிலுக்குப் போகவேணும் எண்டு சொன்னாய்."

"திறப்பு உங்களிட்டத்தானே. நல்ல நித்திரை, பாவமாக் கிடந்தது."

கசற்றை ஏழு மணிக்குள் கொடுக்க வேண்டும், கரண்ட் வந்து டெக் அதைத் துப்பியதோ எட்டரைக்கு, பார்க்காமலே கடையில் கொடுத்துவிட்டோம். முடிவு போனால் போகட்டும் என்று விட்டேன். ஐம்பத்துமூன்று வயது, ஒரு கலியாண மண்டபத்தை எனக்கு முடித்துவைக்கத் தெரியாதா?

திங்கட்கிழமை பேக்கரி வாசலுக்குச் சிவபாலன் இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த வீட்டு றஞ்சிதம்தான் முதலில் கேட்டாள். றஞ்சிதம் விதவை, நல்ல மனம், ஆனால் அவளிடம் ஒன்றைச் சொன்னால் கோயில் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

"இரவு கரண்ட் வந்த பிறகு மிச்சத்தையும் பார்த்திருப்பாய். முடிவு எப்பிடி பிறிஜெற்?"

"கேட்காதே. அந்தப் பிள்ளை மணவறையிலயே நஞ்சைக் குடிச்சிட்டுச் சாகுது. அவன் வந்து தூக்கிறான், கை குளிர்ந்து போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டீவியை உடைச்சிருப்பன். பொம்பிளைப் பிள்ளையளைக் கொல்லாம இவங்களுக்குப் படம் முடிக்கத் தெரியாதா?"

இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி அந்தப் படம் எடுத்தவனின் தலையில் மண் விழ வேண்டும் என்று திட்டினாள். நான் பாணை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

அன்று இரவு சிவபாலன் வரவில்லை. சோற்றை மூடி வைத்தேன், திறந்து பார்த்தேன், மறுபடி மூடினேன். ஒழுங்கைக்குள் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்குப் போனேன். உட்கார்ந்தால் எழும்ப வேண்டும்போல, எழும்பினால் உட்கார வேண்டும்போல. ஐம்பத்துமூன்று மணி கொண்ட செபமாலையை எத்தனை தரம் உருட்டினேனோ தெரியாது, ஒரு தரமாவது மனது அதில் நிற்கவில்லை. இப்படிப் போன பையன்களின் பெயர்களெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

செவ்வாய் காலையில் ஒரு கான்ஸ்டபிள் பதிவுத் துண்டோடு வந்தான். வீட்டுக்காரி வர வேண்டும். எந்தப் பொலிஸ் என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அந்த வாசலைத் தாண்டித்தான் பூசைக்குப் போகிறேன். பெண் தனியாகப் பொலிசுக்குப் போகக்கூடாது என்று றஞ்சிதமும் கூட வந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரித்தான் கதைத்தார். கதிரை தந்தார். சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரைக்கு ஒரு பஸ் தரிப்பிடத்தில் யாரோ ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே குண்டு. நல்ல காலம் வெடிக்கவில்லை. வைத்தவன் மெலிந்தவன், கோடு போட்ட சேர்ட் என்று ஒரு கடைக்காரன் சொல்லியிருக்கிறான். நேற்று அதே இடத்தில் கோடு போட்ட சேர்ட்டோடு உங்கள் பையன் பிடிபட்டான்.

"ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை உங்கள் வீட்டில்தான் இருந்ததாக, படம் போட்டுப் பார்த்ததாகச் சொல்கிறான். அது உண்மையென்றால் அவனை வைத்திருக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. உங்களைத்தான் கேட்கிறேன் நோனா. நீங்களும் பார்த்தீர்களா?"

நான் வாய் திறக்குமுன் றஞ்சிதம் திறந்துவிட்டாள்.

"சேர், எங்க ரோட்டுக்கே படம் சொல்றது இவதான்! நேற்றும் முழுக்கதையும் சொல்லிக் கேட்டம். ஒரு சீனும் விடமாட்டா."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். றஞ்சிதமும் பார்த்தாள். அந்த நேரம் நித்திரை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நித்திரை கொண்டவள் என்ன சாட்சி? கண் விழித்திருந்தவள் சொன்னால்தானே எடுபடும் என்று நினைத்தேன். அது பாதி. மற்றப் பாதி, றஞ்சிதத்தின் முகம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னும் பொய்க்காரி.

"ஓம் சேர். நானும் அவனும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தோம். ஐந்தரைக்குத்தான் முடிந்தது."

"முடிவு என்ன?"

சொன்னேன். மணவறை, நஞ்சு, குளிர்ந்த கை, எல்லாம் சொன்னேன். பேக்கரி வாசலில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்த சார்ஜன்ட் எழுதினார். இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நல்லாச் சொன்னாய்," என்றாள் றஞ்சிதம், என் கையைப் பிடித்து. நாலேகாலுக்குக் கரண்ட் போனது அவளுக்கும் தெரியும், பையனுக்காக அதை அவளும் விழுங்கிவிட்டாள்.

நாங்கள் இருந்தோம். உள்ளே யாரோ றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். சிங்களப் பாட்டு ஒன்று போனது, பிறகு விளம்பரம், பிறகு இன்னொரு பாட்டு. காலை மடக்கினேன், நீட்டினேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், அது நகரவில்லை, மறுபடி பார்த்தபோது ஐந்து நிமிடம். வரிசையாக மாட்டியிருந்த தொப்பிகளை எண்ணினேன். இருபத்தைந்து நிமிடம் போனது. எதற்கு றேடியோ என்று நான் யோசிக்கவே இல்லை. இன்றுவரை என்னை நானே அதைத்தான் கேட்கிறேன், ஏன் யோசிக்கவில்லை?

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது சேர்ட் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

"பையன் நேற்றே ஒரு கதை சொன்னான். நாலேகாலுக்குக் கரண்ட் போய் படம் நின்றுவிட்டதாம். முடிவு பார்க்கவில்லையாம். நீங்கள் தொடக்கத்திலேயே நித்திரையாம். திறந்த வாயோடு, பல்லைக் கழற்றி வைத்துவிட்டு." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நான் முதலில் நம்பத்தான் இருந்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடலாம் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது ஒருவர் பொய். உங்களைப் பார்த்தால் மரியாதையான மனுஷி. அப்படியென்றால் அவன்தான்."

 அவன் உண்மையைச் சொல்லியிருந்தான். அவனுடைய உண்மையைப் பொய்யாக்கியது நான், எனக்கு ஒரு நாளும் கெடுதல் செய்யாத பிள்ளையின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு, நன்றாகச் சொன்னேன் என்று குளிர்ந்துபோய் இருந்திருக்கிறேன்.

வாய்க்குள் விரலை விட்டேன். மேல்வரிசையைக் கழற்றி மேசையில், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஷேர்," என்றேன். பல் இல்லாமல் சொல் அப்படித்தான் வந்தது. "அவன் சொன்னது முழுக்க உண்மை. நான் நித்திரை. நான் ஒரு படமும் பார்க்கிறதில்லை, ஒரு நாளும் பார்த்ததில்லை. அவன்தான் பார்த்துக் கதை சொல்றவன். முடிவை நான் கட்டினேன். எனக்குப் பல் இல்லை என்று எங்கள் ரோட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும் என்றும் நான் நினைக்கவில்லை. வீட்டில் இருந்து பார்க்காமல் அவனுக்கு எப்படித் தெரியும்?"

றஞ்சிதம் வாயில் கையை வைத்தாள். சார்ஜன்ட் சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"நித்திரை என்றால், இடையில் அவன் வெளியே போய் வந்தது உங்களுக்குத் தெரியாதே."

"போக ஏலாது. முன்கதவு பூட்டு, திறப்பு என் இடுப்பில். நான் இப்படி வாய் பிளந்து கிடப்பதை ஆட்கள் பார்க்கக்கூடாது என்றுதான் பூட்டுறது. எழும்பி நான்தான் திறந்துவிட்டேன். ஆள் அனுப்பிப் பாருங்கள், ஜன்னலுக்கெல்லாம் கம்பி."

"பின்பக்கம்?"

அப்போது றஞ்சிதம் எழும்பினாள். முகம் சிவந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. "பின்பக்கம் என்ட குசினி சேர். ஞாயிறு நான் ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அங்க முறுக்குச் சுட்டன், அடுத்த நாள் ஓடருக்கு. அந்த மதிலால பூனை குதிச்சாலும் என்ட எண்ணெய்த் தாச்சிக்குள்ளதான் விழவேணும்."

கான்ஸ்டபிள் வீட்டுக்குப் போய் வந்தான். சார்ஜன்ட் யாருக்கோ டெலிபோன் எடுத்து எங்கள் பகுதிக்குக் கரண்ட் போன நேரத்தைக் கேட்டார். நாலு பதினாறு. இன்ஸ்பெக்டர் பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளில் நான் கையெழுத்து வைத்தேன். பல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கைலேஞ்சியில் சுற்றிப் பையில் போட்டேன், மறுபடி மாட்ட மனம் வரவில்லை.

மூன்று மணிக்குச் சிவபாலனை விட்டார்கள். இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு வந்தான். கோடு போட்ட சேர்ட்டின் தோளில் இரத்தம் காய்ந்து கிடந்தது. நேற்று யாரும் அவனைத் தொடவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். நேற்றிரவு ஒரு மர வாங்கில் படுக்கவிட்டு, காலையில் பிளேன்ரீயும் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் நடந்தது அந்த இருபத்தைந்து நிமிடத்தில்.

ஓட்டோவில் நான் அவனுடைய இடது பக்கம் இருந்தேன். ஏதோ கேட்டேன், விளங்கவில்லை. றஞ்சிதம் அவனைத் தன் பக்கம் திருப்பி, வலது காதருகே நான் சொன்னதைச் சொன்னாள். அவள் அப்படி மெதுவாகக் கதைத்ததை அன்றுதான் கண்டேன்.

வீட்டுக்கு வந்தோம். சிவபாலன் கதிரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான், கோபமே இல்லாமல்.

"அன்ரி, அந்தப் பெட்டைக்குக் கடைசியில என்ன நடந்தது?"

அவன் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கினேன்.

"அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். முடிவு சொல்லு, முடிவு சொல்லு எண்டு. நான் பார்க்கேல்லை எண்டன். அந்த மனுசி சொல்லிப்போட்டா, நீ சொல்லு எண்டு அடிச்சவங்கள். பிறகு யோசிச்சன். நீங்கள் என்ன சொல்லியிருப்பியள் எண்டு. உங்களைத் தெரியுந்தானே. செத்துட்டாள் எண்டன்."

"ஓம் ராசா," என்றேன். "செத்துட்டாள் எண்டுதான் சொன்னனான்."

"எப்பிடிச் செத்தவள் எண்டு கேட்டவங்கள். கடலில குதிச்சு எண்டு சொன்னன்."

அவன் காத்திருந்தான். நான் அவனுடைய வலது பக்கம் போய்க் குனிந்தேன்.

"நஞ்சு," என்றேன்.

மெதுவாகத் தலையாட்டினான். "பிழையாச் சொல்லிப்போட்டன் அன்ரி," என்றான். "குறை நினைக்காதேங்கோ."